பஸ்ரியன் மூன்று தரம் உடைத்த பாலம்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் எதைப் பற்றியாவது கருத்துக் கேட்க வேண்டுமென்றால் பஸ்ரியனைத் தேடிப் போகத் தேவையில்லை. அவரே தேடி வந்து சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும், பெருநாள் கூத்தில் ராசாவாக வந்தவனின் நடையில் என்ன குறை, புதிதாகக் கட்டிய கிணற்றுக் கட்டு எந்தப் பக்கம் சரிகிறது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. கேட்காமல் கிடைக்கிற பொருளுக்கு மதிப்பு இருப்பதில்லை. அதனால் ஊரார் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

தொழில் கடல். வயது நாற்பத்தொன்பது. இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் தாழ்வுபாடு என்ற ஊரில் கட்டிப் போய்விட்டாள், இளையவள் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவரும் மனைவி றஞ்சிதமும்தான். றஞ்சிதம் கருத்துச் சொல்லாத பெண். அவர் பேசப் பேச அவள் முற்றத்துப் பரணில் காயும் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு "ம்" என்பாள். இருபத்தைந்து வருடமாகத் தங்கள் குடும்பம் அந்த ஒரு 'ம்'மில் சண்டையில்லாமல் ஓடுகிறது என்று பஸ்ரியன் பெருமையாகச் சொல்லுவார். அந்த 'ம்'முக்குச் 'சரி' என்று பொருளா, 'பேசி முடியுங்கோ' என்று பொருளா என்று அவர் விசாரித்துப் பார்த்ததில்லை.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கடலுக்குப் போகப் பாஸ் வேண்டிய காலம். விடிந்த பிறகு கரையில் ஆமிக்காரரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வள்ளத்தை இறக்க வேண்டும். பொழுது சாய முன்னர் திரும்பி வந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கேயாவது சண்டை தொடங்கினால் நாலு நாளோ பத்து நாளோ கடலே கிடையாது. அப்படியொரு தடை வருவதற்கு முதல்நாள்தான் பஸ்ரியனின் வலது பெருவிரல் வள்ளத்து மிசினை இழுத்துக் கிளப்புகிற கயிற்றில் சிக்கியது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் விரல் விறகுக் குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றுவிட்டது. மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர், விரலைச் சும்மா வைத்திருக்காமல் நாள் முழுக்க மடக்கி நிமிர்த்திக்கொண்டு இருக்கச் சொன்னார். பஸ்ரியன் ஒரு கிழமை மடக்கினார். பிறகு, இது மனிசர் செய்யிற வேலையில்லை என்று தீர்ப்புச் சொல்லி விட்டுவிட்டார்.

இந்தக் கதையை அவர் தன் அக்காவின் மகள் மெற்றில்டாவுக்குக் கடிதத்தில் எழுதினார். மெற்றில்டா ஜேர்மனியில், வீடியோ கேம் வாங்கி விற்கிற ஒரு கடையில் வேலை செய்தாள். மூன்று மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் அவளுடைய பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே பிரார்த்தனைப் புத்தகம் அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, நடுவில் பாசிப் பச்சையாக ஒரு சின்னக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். கூடவே நாலு கசற். சினிமாக் கசற் இல்லை, ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவில் ஒவ்வொரு விளையாட்டு.

மெற்றில்டா எழுதியிருந்தாள்: "மாமா, இதில பெருவிரலுக்குத்தான் முழு வேலையும். டொக்டர் சொன்னதை இதில செய்யுங்கோ. எங்கட கடைக்கு வாற ஆக்கள் எந்தக் கேம் நல்லம் எண்டு என்னட்டத்தான் கேக்கினம். எனக்கு விளையாட நேரமில்லை. நீங்கள் விளையாடிப்போட்டு உங்கட கருத்தை வடிவா எழுதி அனுப்புங்கோ."

பஸ்ரியன் கடைசி வரியை மூன்று தரம் வாசித்தார். பிறகு குசினி வாசலுக்குப் போய் றஞ்சிதத்துக்கும் வாசித்துக் காட்டினார்.

"ஜேர்மனியில இருந்து கருத்துக் கேக்கினம்" என்றார்.

"ம்" என்றாள் றஞ்சிதம்.

அன்றைக்குத் தொடங்கியது. கடல் தடைப்பட்ட நாட்களில் மற்ற ஆண்கள் கரையோர மீன்வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருக்க, பஸ்ரியன் முற்றத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, அந்தப் பெட்டியைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு இருந்தார். விளையாடுகிற முகம் அது இல்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாரின் முகம். பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தன. கண்ணாடிக்குள் வள்ளம் கவிழ்ந்தால் எழுதுவார். கார் மோதினால் எழுதுவார். விளையாடிய நேரத்தைவிட எழுதிய நேரம் கூட.

பற்றறிதான் பெரிய பாடு. பெட்டிக்கு நாலு சின்னப் பற்றறி வேண்டும். குண்டு செய்யவும் பற்றறி உதவும் என்று பயந்து, டவுனில் வாங்கப் போனால் எதற்கு, எத்தனை என்று ஆயிரம் கேள்வி கேட்ட காலம். வாங்கிய நாலும் நாலு நாளில் சோர்ந்துவிடும். றஞ்சிதம் அவற்றைக் கழற்றிக் கருவாட்டோடு கருவாடாகப் பரணில் வெயிலுக்கு வைப்பாள். காய்ந்த பற்றறி இன்னும் அரை மணி நேரம் உயிர் பிடிக்கும். அந்த அரை மணியில் ஒரு பகுதியை அவள் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது எப்போது என்று பஸ்ரியனுக்குத் தெரியாது. உலையில் அரிசி போட்டால் வேகும் வரைக்கும் சும்மாதானே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு அது நல்ல துணையாக இருந்தது.

நாலு கசற்றில் ஒன்று கார் ஓட்டம். ஒன்று தூண்டில் போட்டு மீன் பிடிப்பது. ஒன்று மேலேயிருந்து கல் விழ விழக் கீழே இடைவெளி இல்லாமல் அடுக்குவது. நாலாவது, ஆற்றில் 'போட்டு' என்கிற ஒரு சின்ன மோட்டார் படகை ஓட்டுவது. மரக்கட்டை மிதந்து வரும், முதலை வரும், அதற்கெல்லாம் தப்பிப் போனால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் நிற்கும். அதைச் சுட்டு உடைத்தால்தான் அடுத்த ஆறு. ஒரு ஆட்டத்துக்கு மூன்று உயிர்.

அந்த நாலாவதில் பஸ்ரியன் இரண்டாவது மரக்கட்டையைத் தாண்டியதில்லை. முப்பது வருடம் கடலில் வள்ளம் ஓட்டிய மனிதர் ஓர் அங்குல நீளப் போட்டு ஒன்றை ஒரு கட்டையில் கொண்டுபோய் மோதுவார். மோதிவிட்டு, "நீரோட்டம் பிழை" என்பார். மறுநாள், "திருப்பினா உடன திரும்புது. வள்ளம் அப்பிடித் திரும்பாது. செய்தவன் கடலைக் கண்டதில்லை" என்பார்.

ஒரு நாள் பகல் அவர் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனபோது றஞ்சிதம் அடுப்படியில் குந்தியிருந்தாள். ஒரு கையில் அகப்பை, மடியில் பெட்டி. அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். போட்டு கட்டைகளுக்கு நடுவே விலாங்கு மாதிரி வளைந்து போனது. முதலையைத் தாண்டியது. பாலம் வந்தது. அவள் விரல் படபடவென்று அடித்தது. பாலம் பொடிப்பொடியாய்க் கழன்று விழுந்தது.

பஸ்ரியனுக்குத் தாகம் போய்விட்டது.

"எப்ப பழகினனீ?"

"பழகேல்ல. சும்மா அமத்தினனான்" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியை அவரிடம் நீட்டினாள். சோறு வடிக்க எழுந்தாள்.

அந்தக் கிழமையில் இன்னும் இரண்டு தரம் அவள் பாலத்தை உடைத்தாள். இரண்டு தரமும் அவர் தோளுக்கு மேலால் பார்த்துக் கொப்பியில் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

பிறகு மெற்றில்டாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். காலையில் தொடங்கியது பின்னேரம்தான் முடிந்தது. எட்டுப் பக்கம். கார் ஓட்டத்தைப் பற்றி எழுதினார்: "றோட்டு நல்ல றோட்டு. ஆனால் முழு றோட்டிலும் ஒரு சென்றி இல்லை, ஒருத்தரும் மறிச்சு இறங்கச் சொல்லேல்லை. இப்படி ஒரு றோட்டை நான் கண்டு கன வருசம். நம்புறது கஷ்டம்." மீன் விளையாட்டைப் பற்றி எழுதினார்: "தூண்டில் போட்டுப் பத்து எண்ண முதல் மீன் கடிக்குது. எல்லா மீனுக்கும் ஒரே முகம். பாரையா சீலாவா எண்டு செய்தவனுக்கே தெரியாது. பிடிச்ச மீனை என்ன செய்யிறது எண்டும் சொல்லேல்லை." கல் அடுக்குகிற விளையாட்டுக்கு அவர் கொஞ்சம் இரக்கம் காட்டினார்: "மேசனுக்கு உதவும். ஆனால் மேல நிண்டு கல் எறியிறவன் ஆர், அவனுக்கு எங்களோட என்ன கோபம் எண்டு கடைசிவரைக்கும் தெரியேல்லை."

நாலாவது விளையாட்டுக்கு வந்தபோது பேனை கொஞ்ச நேரம் நின்றது. உடைத்தது யார் என்பது விளையாட்டின் தரத்தோடு சம்பந்தப்பட்ட விஷயமா என்று யோசித்தார். இல்லை என்று தீர்மானித்தார். வீட்டில் ஒருவர் செய்தால் வீடு செய்தது மாதிரித்தான். எழுதினார்:

"ஆத்துப் பக்கத்தால போறதுதான் சுகம். முதல் நாள் என்ர போட்டு கட்டையில அடிபட்டுப் போச்சு. மூண்டு உயிர் போனது. பிறகு வழி பிடிபட்டது. இப்ப பாலத்தை மூண்டு தரம் உடைச்சுப்போட்டன். காவல் பெரிசா இல்லை. சுடுறதுக்குக் குண்டு குறையுதே இல்லை, அது ஒரு வசதி. அடுத்த பாலம் இதைவிடப் பெரிசு எண்டு கேள்வி. அதையும் உடைச்சுப் பாத்திட்டு உமக்கு விபரமா எழுதுவன். இன்னும் நல்ல சாமான் இருந்தா வாற ஆக்களிட்டக் குடுத்து விடும்."

கடிதத்தை ஒட்டி, பக்கத்து வீட்டு அமிர்தநாயகத்திடம் கொடுத்தார். அமிர்தநாயகம் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். டொக்டரிடம் கண் காட்டக் கொழும்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் தபாலில் போட்டால் ஜேர்மனிக்கு வேகமாகப் போகும் என்பது ஊர் நம்பிக்கை.

தீவிலிருந்து வெளியே போகிற எவரும் கடலுக்கு மேலே உள்ள பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய பாலம் தொண்ணூறாம் ஆண்டு வெடிவைத்து உடைக்கப்பட்டு, அந்த இடத்தில் தற்காலிகமாக ஒன்று போட்டிருந்தார்கள். பாலம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆமிக்காரரின் முதுகு நிமிரும். அங்கே பையைச் சோதித்தவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. ஜேர்மனி முகவரியைக் கண்டு கடிதத்தை உடைத்தான். வாசித்துக்கொண்டே போனவன் ஏழாம் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டான். பக்கத்தில் நின்றவனுக்கு அவன் சிங்களத்தில் சொல்ல வேண்டிய தேவையும் அதிகம் இருக்கவில்லை. சிங்களத்திலும் பாலத்துக்குப் 'பாலம' என்றுதான் பேர். அமிர்தநாயகம் வாத்தியார் தன் கண்ணை அன்றைக்குக் காட்டவில்லை. மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று, கடிதம் எழுதியவர் யார், எந்த ஊர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஊரார் ஜீ.எஸ். என்று கூப்பிடுகிற கிராம சேவகர் நவரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். சேர்ட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார். அவர் அப்படிப் பூட்டினால் ஆமிக் காம்பிலிருந்து செய்தி வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியும்.

"பஸ்ரியன் அண்ணை, உங்களைக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லினம். கடிதம் ஒண்டு விசயமாம்."

"கடிதத்தில என்ன?"

"நீங்கள் பாலம் உடைச்சதாமே. அதுவும் மூண்டு தரமாம்."

காம்புக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்கள் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவற்றை யாரும் உரக்கச் சொல்லுவதில்லை. றஞ்சிதம் உள்ளே போனாள். தன் கழுத்திலிருந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைக் கழற்றி வந்து அவர் கழுத்தில் போட்டாள். பெட்டியையும் நாலு கசற்றையும் ஒரு துணிப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"விளையாட்டு எண்டு சொல்லுங்கோ. காட்டுங்கோ. வேற ஒண்டும் கதைக்காதேங்கோ. கருத்து ஒண்டும் சொல்லாதேங்கோ."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "ம்" என்றார்.

காம்பில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு கப்டன், முப்பது வயது இருக்கலாம், நித்திரை குறைந்த முகம். பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவில் கிரிக்கெட் நேர்முக வர்ணனை மெல்லிய சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. எட்டுப் பக்கக் கடிதம் மேசையில் கிடந்தது. ஏழாம் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு.

நவரத்தினம்தான் மொழிபெயர்ப்பு. அவருடைய சிங்களம் அநுராதபுரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது கிடைத்தது. சாப்பாட்டுக் கடையிலும் பஸ்சிலும் தாராளமாகப் போதும், காம்பில் கொஞ்சம் நொண்டியது. வீடியோ கேம் என்பதற்கு அவரிடம் சொல் இருக்கவில்லை. "செல்லம்" என்றார், சிங்களத்தில் விளையாட்டு என்று. கப்டன் கடிதத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டான்.

நவரத்தினம் திரும்பினார். "இது விளையாட்டா எண்டு கேக்கிறார், அண்ணை."

பஸ்ரியன் பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். வாசலில் நின்ற இரண்டு பேர் துவக்கை அவர் நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தினார்கள். கப்டன் கையைக் காட்டி அவர்களை அமர்த்தினான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது என்னவென்று அவனுக்கு விளங்கியது, கொழும்பில் கண்டிருக்கிறான். ஆனால் பெட்டி விளையாட்டுப் பெட்டி என்பதனால் கடிதம் விளையாட்டுக் கடிதம் ஆகிவிடாது. அவன் நிதானமாகச் சொன்னான். நவரத்தினம் அதே நிதானத்தோடு தமிழாக்கினார்.

"நீங்கள் பாலத்தை மூண்டு தரம் உடைச்சதா எழுதியிருக்கிறியள். அப்ப நாலாந்தரம் இஞ்ச, அவருக்கு முன்னால உடைச்சுக் காட்டட்டாம். பாலம் வந்தா கடிதம் சரி. வராட்டி வேற விசாரணையாம்."

பஸ்ரியன் பெட்டியைக் கையில் எடுத்தார். போட்டு புறப்பட்டது. முதல் கட்டையில் அடிபட்டது. இரண்டாவது உயிர், அதுவும் முதல் கட்டை. பெருவிரல் இன்னும் விறைப்பு. மூன்றாவது உயிரில் இரண்டாவது கட்டைவரை போனார். அது அவருடைய வாழ்நாள் உச்சம். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஐந்து தரம் ஆற்றில் தாழ்ந்தார். சுற்றி நின்ற ஆமிக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் பாலத்தைக் காணவில்லை.

கப்டன் பேனையால் மேசையில் தட்டத் தொடங்கினான்.

பஸ்ரியன் தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரின் பிழையை எடுத்துச் சொல்லியிருக்கிறார். தன்னுடையதை ஒருநாளும் சொல்ல நேர்ந்ததில்லை. நவரத்தினத்தின் பக்கம் குனிந்தார்.

"ஜீ.எஸ். ஐயா, அது நான் உடைக்கேல்ல."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"மனுசிதான் உடைச்சது. மூண்டு தரமும் அவதான். நான் பின்னால நிண்டு பாத்தனான்."

நவரத்தினம் அதைக் கப்டனுக்குச் சொன்னார். பாலத்தை உடைத்தது இவருடைய 'நோனா', பெண்சாதி, என்று அவர் சொன்ன விதத்தில், அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கப்டனின் பேனை நின்றது. "நோனாவைக் கூட்டி வா" என்றான்.

நவரத்தினம் சைக்கிளில் போனார். அரை மணித்தியாலத்தில் றஞ்சிதத்தைக் கரியரில் இருத்திக்கொண்டு வந்தார். அவள் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கையில் கருவாட்டு மணம் இன்னும் இருந்தது. என்ன நடந்தது என்று வழியில் நவரத்தினம் சொல்லியிருக்க வேண்டும். அவள் பஸ்ரியனைப் பார்க்கவில்லை. அவரும் உத்தரியத்தைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதிரை போட்டார்கள். அவள் இருக்கவில்லை. "குந்தினாத்தான் எனக்குக் கை வரும்" என்று சொல்லி, சேலையைச் செருகிக்கொண்டு சுவரோடு குந்தினாள். பெட்டியை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். போட்டு புறப்பட்டது. கட்டை ஒன்று, இரண்டு, மூன்று. ஆமிக்காரர் இருவர் அவளுக்குப் பின்னால் சுவரோரம் வந்து குனிந்தார்கள். முதலை வந்தது, போனது. அப்போதுதான் கண்ணாடி மங்கத் தொடங்கியது. ஆறு, போட்டு, கரை எல்லாம் பச்சைத் தண்ணீரில் கரைந்து போயின.

"பற்றறி போயிட்டுது" என்றாள் றஞ்சிதம். "வீட்டில எண்டா வெயிலுக்கு வைப்பன்."

நவரத்தினம் மொழிபெயர்த்தார். கப்டன் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தான். பிறகு தன்னுடைய ரேடியோவைப் பார்த்தான். வர்ணனை சூடுபிடித்திருந்த நேரம். வாசலில் நின்றவன் ஒருவன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். கடைசி ஓவர்கள் என்பதாக இருக்கலாம். கப்டன் ஒரு பெருமூச்சு விட்டு ரேடியோவின் வாயை மூடி, அதன் வயிற்றிலிருந்து பற்றறி நாலையும் கழற்றி றஞ்சிதத்திடம் நீட்டினான்.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். புதுப் பற்றறியில் கண்ணாடி இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. பெட்டியின் சின்னக் கீச்சுக் கீச்சு மட்டும். பஸ்ரியன் மனதுக்குள் அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார், பிறகு அது போதாதென்று மடுமாதாவுக்கும் ஒன்று. கட்டைகள் போயின. முதலை போனது. ஆற்றுக்குக் குறுக்கே கறுப்பாய்ப் பாலம் வந்து நின்றது. றஞ்சிதத்தின் விரல் படபடத்தது. பாலம் நாலு துண்டாய்க் கழன்று விழுந்தது.

"பாலம இவரய்" என்றான் பின்னால் குனிந்து நின்றவன். பாலம் முடிந்தது என்று அர்த்தம். வாசலில் நின்றவன் சிரித்துவிட்டான். கப்டன் அவனைத் திரும்பிப் பார்த்தான், ஆனால் கப்டனின் முகத்திலும் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு கப்டன் கையை நீட்டினான். றஞ்சிதம் எழுந்து பெட்டியைக் கொடுத்தாள். அவன் நின்றபடியே ஆடினான். முதலாவது கட்டை. திரும்பவும் ஆடினான். முதலாவது கட்டை. அறையில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் நிற்பதற்கு இரண்டு பேர் வெளியே போக வேண்டியிருந்தது.

"உங்கட கருத்து என்ன எண்டு கேக்கிறார்" என்றார் நவரத்தினம், பஸ்ரியனிடம். "கடிதத்தில எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறியளாம்."

றஞ்சிதம் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு விளங்கியது. ஆனால் கேட்டவன் கப்டன். கேட்டால் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை.

"நீரோட்டம் பிழை, சேர்" என்று தொடங்கினார் பஸ்ரியன். "உங்களிலயும் பிழையில்லை, என்னிலயும் பிழையில்லை. போட்டுக்கு ஒரு பாரம் வேணும். திருப்பினா உடன திரும்பக் கூடாது. காத்து எண்டு ஒண்டு இல்லை. மண்ணெண்ணெய் முடியிறதே இல்லை. எங்கட வள்ளத்து மிசினுக்குக் கிழமைக்கு இவ்வளவு எண்டு உங்கட ஆக்கள் அளந்து..." அவ்விடத்தில் றஞ்சிதம் அவர் முழங்கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள்.

நவரத்தினம் மண்ணெண்ணெய்க்கு முன்னரே மொழிபெயர்ப்பை நிறுத்தியிருந்தார். நீரோட்டம் பிழை என்பதை மட்டும் கப்டனுக்குச் சொன்னார். கப்டன் அதை ஆமோதித்துத் தலையாட்டினான். தன்னுடைய கருத்தை ஒருவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டதை பஸ்ரியன் அன்றைக்குத்தான் கண்டார்.

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இனிமேல் எழுதுகிற கடிதத்தில் பாலம், குண்டு, காவல் என்ற சொற்கள் வரக் கூடாது என்பது கட்டளை. பெட்டியை மட்டும் பரிசோதனைக்கு என்று வைத்துக்கொண்டார்கள். பரிசோதனை ஒன்பது நாள் நடந்தது. அதன் பிறகு ஒருவன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே நாலு புதுப் பற்றறி இருந்தன.

காம்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று றஞ்சிதம் நேரே குசினிக்குப் போனாள். அடுப்பை மூட்டினாள். பஸ்ரியன் குசினி வாசலில் நின்றார். போய்க் கதிரையில் இருந்தார். திரும்பவும் வந்து நின்றார்.

"நான் எண்டு எழுதினது பிழைதான்" என்றார்.

"ம்" என்றாள் அவள். இந்த முறை அதற்கு என்ன பொருள் என்று அவர் கேட்காமலே விளங்கிக்கொண்டார்.

அமிர்தநாயகம் வாத்தியார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு கோயிலில் கண்டு, கடிதத்தில் வசனப் பிழை நிறைய இருந்தது, மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றபோது அதை மூன்று தரம் வாசிக்கக் கேட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கருத்துச் சொல்லுகிறவர்களுக்குக் கருத்துச் சொல்ல ஊரில் ஒருவராவது இருந்தது நல்லதுதான்.

மெற்றில்டாவுக்கு மறுபடி ஒரு கடிதம் போனது. கட்டளைப்படி பாலத்தைச் 'சாமான்' என்றும், குண்டைப் 'பழம்' என்றும் மாற்றி எழுதினார். "ஆத்தில போய்ப் பழத்தால எறிஞ்சு சாமானை உடைச்சது உம்முடைய மாமி. நான் பக்கத்தில நிண்டனான்." மெற்றில்டா இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதினாள்: "மாமா, மாமி சுகமா இருக்கிறாவோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்ல." கூடவே இன்னும் இரண்டு கசற்றும் அனுப்பினாள். அதற்குப் பிறகு கடிதங்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. றஞ்சிதம் விளையாடுவாள். பஸ்ரியன் எழுதுவார். கடைசியில் இரண்டு பெயரும் போடுவார், அவருடையது முதலில்.

விரல் என்னவோ குணமாகிவிட்டது. டொக்டர் பார்த்துவிட்டு, சொன்னதைச் செய்திருக்கிறீர்கள் என்று மெச்சினார். உண்மையில் அது பென்சில் பிடித்து எழுதி எழுதி மடங்கிய விரல். ஆனால் டொக்டரின் கணிப்பைத் திருத்துகிற மனநிலையில் பஸ்ரியன் அப்போது இருக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்தபோது மெற்றில்டா நேரிலேயே வந்தாள். ரீவியில் பொருத்தி விளையாடுகிற பெரிய பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கி வந்திருந்தாள். அதிலும் ஒரு மீன் விளையாட்டு. இந்த முறை கலரில், அலை அடிக்கும் சத்தத்தோடு. இருவர் சேர்ந்து ஆடலாம், ஆளுக்கொரு வள்ளம். கரண்ட் இருந்த ஒரு பின்னேரம் அவள் அதை ரீவியில் பொருத்தி, மாமிக்கு ஒரு பிடியும் மாமாவுக்கு ஒரு பிடியும் கொடுத்தாள். பஸ்ரியன் அலையைப் பார்த்து, "இது பரவாயில்லை. ஆனா மேற்கில இருந்து வாற அலை இப்பிடி உடையாது" என்று தொடங்கினார்.

"மாமா, மீன் கடிச்சிட்டுது. இழுங்கோ."

"பொறும் பிள்ளை. கடிச்ச உடன இழுத்தா தூண்டில் அறும். அதைக் கொஞ்சம் ஓட விட வேணும்."

அவர் ஓட விட்டார். மீன் போய்விட்டது. பக்கத்து வள்ளத்தில் றஞ்சிதம் நாலாவது மீனை ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஆட்டத்திலும் அவர் ஓட விட்டார். ஐந்தாவது ஆட்டத்தில் கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். எட்டாவதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மாமா, இந்த கேமைப் பற்றி என்ன நினைக்கிறியள்? கடையில கேப்பினம்" என்றாள் மெற்றில்டா.

"இரும் பிள்ளை" என்றார் பஸ்ரியன், கண்ணை எடுக்காமல். "இப்ப நேரமில்லை."